பத்திரம் சரி, அப்ரூவல் எங்கே?

வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான் என்பது சொந்தபந்தத்தில் எல்லோருக்கும் தெரியும். அதனால் யார் மனை பார்த்தாலும், வீடு பார்த்தாலும், ஒரு கத்தை ஜெராக்ஸ் எப்படியும் என் கைக்கு வந்துவிடும். கூடவே ஒரு வரியும் வரும்: "வக்கீல் பாத்துட்டார் அத்தை, எல்லாம் கிளியர். சும்மா நீங்களும் ஒரு பார்வை பாத்துடுங்க."

பார்ப்பேன். தாய்ப்பத்திரம் இருக்கும், நடுவில் கைமாறிய கிரயப் பத்திரங்கள் இருக்கும், முப்பது வருஷத்து ஈசி, அதாவது வில்லங்கச் சான்று இருக்கும், பட்டா இருக்கும். வாரிசுச் சான்றிதழில் பெண் பிள்ளைகள் பெயர் விட்டுப்போயிருக்கிறதா என்றுகூட வக்கீல் பார்த்திருப்பார். இடம் இவருடையதுதான், விற்க இவருக்கு உரிமை இருக்கிறது. வக்கீலிடம் கேட்ட கேள்வி அவ்வளவுதான், அதற்கு அவர் ஒழுங்காகப் பதில் சொல்லியிருப்பார்.

ஆனால் நாம் வாங்குவது அந்த உரிமையைச் ஃபிரேம் போட்டு மாட்டி வைக்கவா? வீடு கட்டத்தானே. அந்த இடத்தில் வீடு கட்ட அரசாங்கம் விடுமா, எவ்வளவு பெரிசாக விடும், பக்கத்து வாய்க்காலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கச் சொல்லும் என்பதையெல்லாம் பத்திரம் சொல்லாது. ஈசியும் சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியவர்கள் ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சி, டிடிசிபி என்கிற நகர் ஊரமைப்புத் துறை, சிஎம்டிஏ என்கிற சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். அந்தப் பக்கம் போய்க் கேட்டீர்களா என்றால், "அதெல்லாம் புரோக்கர் பாத்துப்பார்" என்பார்கள். கமிஷன் வாங்குகிறவர் பார்த்துக்கொள்வாராம்!

முதலில் ஒரு பெரிய நம்பிக்கையை உடைத்துவிடுகிறேன். "பதிவு ஆகுது சார், அப்ரூவல் இல்லேன்னா ரெஜிஸ்டர் பண்ணுவாங்களா?" இதைத்தான் எல்லா புரோக்கரும் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை இருப்பதுதான் வம்பே.

பழைய கதை கொஞ்சம் தெரிந்தால்தான் இது விளங்கும். விவசாய நிலத்தை வாங்கிக் கல் நட்டு, கயிறு கட்டி, வண்ணக் கொடி பறக்கவிட்டு, "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று விற்றுத் தள்ளிய காலம் ஒன்று இருந்தது. ஊராட்சித் தலைவர் கையெழுத்தும் ரப்பர் ஸ்டாம்பும் இருந்தால் போதும். மனைப்பிரிவுக்குத் தொழில்நுட்ப அனுமதி தரவேண்டியது நகர் ஊரமைப்புத் துறை. தலைவருக்கு அந்த அதிகாரமே கிடையாது. வாங்கியவர்களுக்கு அது தெரியாது, தெரிந்த சிலரும் "எல்லாரும்தானே வாங்குறாங்க" என்று வாங்கினார்கள். 2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உத்தரவு போட்டது. அந்த மாதங்களில் சார்பதிவாளர் அலுவலகங்கள் வெறிச்சோடிக் கிடந்தது நினைவிருக்கலாம். அடுத்து அக்டோபர் 20-ல் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அனுமதியில்லாத மனைப்பிரிவில் மனையைப் பதிவு செய்ய முடியாது என்பது அதன் சாரம்.

ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. ஏற்கெனவே ஒரு தடவை வீட்டுமனையாகப் பதிவான இடமென்றால், அனுமதி இல்லாவிட்டாலும் மறுபடி பதிவு செய்யலாம். அதாவது 2009-ல் பஞ்சாயத்து அப்ரூவலில் ஒருவர் வாங்கிய மனையை இன்று அவர் உங்களுக்கு விற்றால், பதிவு ஆகும். முத்திரைத் தீர்வை கட்டுவீர்கள், போட்டோ எடுப்பார்கள், கைரேகை வைப்பீர்கள், பத்திரம் கைக்கு வரும். எல்லாம் முடிந்து வீட்டு பிளானைத் தூக்கிக்கொண்டு போகும்போதுதான், "மனை வரன்முறை ஆகலையே" என்பார்கள். கட்டிட அனுமதி கிடையாது. மின் இணைப்புக்கும் குடிநீருக்கும் இழுபறி. வங்கி கையை விரித்துவிடும். ஆக, பதிவு ஆகிறது என்பதை அப்ரூவலுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சார்பதிவாளரின் வேலை வேறு.

இப்படி மாட்டிக்கொண்டவர்களுக்காக 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் உருவான மனைப்பிரிவுகளைக் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒழுங்குபடுத்தித் தருவது. கடைசித் தேதியைப் பல முறை நீட்டித்தார்கள். நல்ல திட்டம்தான், ஆனால் புரோக்கர் வாயில் விழுந்ததும் அதுவும் வேறு உருவம் எடுத்துவிட்டது. மனைப்பிரிவு முழுவதற்கும் சேர்த்து கொள்கை அளவில் ஓர் ஒப்புதல் கொடுப்பார்கள். இந்த வரைபடத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ளலாம் என்பதோடு அது நின்றுவிடும். அதன்பிறகு ஒவ்வொரு மனைக்கும் தனித்தனியாக விண்ணப்பித்து, வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் கட்டி, தனி உத்தரவு வாங்க வேண்டும். முதல் காகிதத்தைக் காட்டி "ரெகுலரைஸ்டு ப்ளாட்" என்று விற்கிறார்கள். நீங்கள் கேட்க வேண்டியது உங்கள் மனை எண் போட்ட உத்தரவையும் பணம் கட்டிய ரசீதையும். இல்லையென்றால், அந்தத் தொகை எவ்வளவு வரும் என்று கேட்டு விலையில் கழித்துக்கொள்ளுங்கள். வாய்க்கால், புறம்போக்கு, பூங்காவுக்கு விட்ட இடம் இவற்றின்மேல் விழுகிற மனைக்கு எவ்வளவு பணம் கட்டினாலும் வரன்முறை கிடைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

புது லேஅவுட் என்றால் வேலை சுலபம். 500 சதுர மீட்டருக்கு மேல் இருக்கும் எந்த மனைப்பிரிவையும் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் இல்லாமல் விளம்பரமே செய்யக் கூடாது. அந்த எண்ணைப் போட்டுத் தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் தேடினால் அங்கீகரித்த வரைபடத்தின் நகல் கிடைக்கும். அதை இறக்கி, பெரிசாக அச்சு எடுத்து, புரோக்கர் தந்த கலர் நோட்டீஸுக்குப் பக்கத்தில் விரித்து வையுங்கள். இதைச் செய்யச் சொன்னால் பாதிப்பேர் என்னைச் சந்தேகப் பிராணி என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

என் தம்பி மகன் கதையைச் சொல்கிறேன். செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மனை. பழைய லேஅவுட், ஆனால் முறையான டிடிசிபி அப்ரூவல் உள்ளது. அப்ரூவல் எண் பத்திரத்திலேயே இருந்தது, எண்ணும் உண்மையானதுதான். வக்கீலுக்குத் திருப்தி. மனை எண் 47-ஏ. எனக்கு அந்த 'ஏ' உறுத்தியது.

"ஏன்டா, 47-க்கும் 48-க்கும் நடுவுல 47-ஏ எங்கேருந்து வந்தது?"

"ஒரே மனையை ரெண்டாப் பிரிச்சிருப்பாங்க அத்தை."

"அப்படின்னா 47 அளவு குறைஞ்சிருக்கணுமே. குறையலையே?"

அவனுக்கு அதற்குப் பதில் இல்லை. இரண்டு பேரும் ஊராட்சி அலுவலகத்துக்குப் போனோம். கட்டிடத்துக்கு வெளியே குடிநீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் அட்டையோடு காத்திருந்தார்கள். ஊராட்சி செயலர் நல்ல மனிதர். தலைவரைப் பார்க்க வேண்டாமா என்று அவரே கேட்டார். வேண்டாம், லேஅவுட் கோப்பு மட்டும் பார்க்க வேண்டும் என்றேன். இரும்பு பீரோவின் அடித்தட்டிலிருந்து மடிப்பு கிழிந்த ஒரு நீல வரைபடம் வந்தது. மேலே டிடிசிபி எண், ஓரத்தில் நிபந்தனைகள், கீழே கையெழுத்துகள். 46, 47, 48, 49 என்று மனைகள் வரிசையாக நிற்கின்றன. 47-க்குப் பின்னால் சாய்கோடு போட்டு நிரப்பிய ஒரு பெரிய கட்டம். அதற்குள் 'பூங்கா' என்று எழுதியிருந்தது. 47-ஏ, 47-பி, 47-சி எல்லாம் அந்தப் பூங்காவுக்குள்தான் இருந்தன!

மனைப்பிரிவு போடுகிறவர் சாலைகளையும், பெரிய லேஅவுட் என்றால் பத்து சதவீத இடத்தைப் பொது ஒதுக்கீடாகவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் பலர் வரைபடத்தில் பூங்கா காட்டி அப்ரூவல் வாங்கிவிட்டு, தானப் பத்திரம் மட்டும் எழுதாமல் இழுத்தடிப்பார்கள். சர்வே எண்ணும் பட்டாவும் அவர் பெயரிலேயே நிற்கும். பத்து வருஷம் கழித்து, புல் மண்டிக் கிடக்கும் பூங்காவை அவரோ அவர் பிள்ளைகளோ மனையாக வெட்டி விற்பார்கள். உரிமையைப் பார்க்கும் வக்கீலுக்கு எல்லாமே சரியாகத்தான் தெரியும். காகிதத்தில் அது அவர் நிலம்தான். மனையாக மட்டும் ஆகவே ஆகாது. என்றைக்காவது அந்தத் தெருக்காரர்கள் பூங்காவைக் கேட்டு நீதிமன்றம் போனால், கட்டிய வீட்டோடு போக வேண்டியதுதான்.

தம்பி மகன் அட்வான்ஸ் கொடுத்திருக்கவில்லை, தப்பித்தான். புரோக்கரிடம் சொன்னபோது அந்த ஆள் கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப 82 பாக்குறீங்களா சார், கார்னர் ப்ளாட்" என்றார்.

இனி நிலப் பயன்பாடு. மாஸ்டர் பிளான் என்ற பெயர் செய்தித்தாளில் வரும், நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிடுவோம். சென்னைப் பெருநகரின் இரண்டாவது மாஸ்டர் பிளான் 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு சர்வே எண்ணும் அதில் ஏதோ ஒரு நிறத்தில் இருக்கிறது: குடியிருப்பு, கலப்புக் குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், திறந்தவெளி, விவசாயம். விவசாயம் என்று குறித்த இடத்தில் பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் அடுக்குமாடி எழுப்ப முடியாது. நிலப் பயன்பாட்டை மாற்றித் தரச்சொல்லித் தனியாக விண்ணப்பித்து, அது கிடைத்தால்தான் உண்டு. கிராமப் பெயரும் சர்வே எண்ணும் கொடுத்தால் பயன்பாட்டைச் சொல்லும் வசதி சிஎம்டிஏ இணையதளத்திலேயே இருக்கிறது. காசு கிடையாது. இதைக்கூடப் பார்க்காமல் அறுபது லட்சத்துக்கு நிலம் வாங்குகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதில் எல்லைக் குழப்பம் ஒன்று இருக்கிறது. வெகுநாளாக 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அறிவித்தார்கள். நேற்றுவரை டிடிசிபி என்று நினைத்த கிராமம் பெருநகர எல்லைக்குள் வந்துவிட்டது. அதனால் முதலில் கேட்க வேண்டியது, "இந்த சர்வே எண்ணுக்கு இன்றைக்கு அனுமதி தரும் ஆபீஸ் எது?" என்பதுதான். நோட்டீஸில் 'சிஎம்டிஏ லிமிட்' என்று போட்டிருப்பதற்கும் 'சிஎம்டிஏ அப்ரூவ்டு' என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதலாவது ஊர் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது.

குடியிருப்பு நிறம் இருந்தாலும் சில பகுதிகளுக்குத் தனிக் கட்டுப்பாடு இருக்கும். செங்குன்றம் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதி ஒன்று. திருவான்மியூருக்குத் தெற்கே, கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே நிலத்தடி நீர் ஊறும் மணல்பகுதி இன்னொன்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடற்காற்று வாங்க ஆசைப்படுகிறவர்கள் அதோடு கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியையும் பார்க்க வேண்டும். தாம்பரம் விமானப்படைத் தளத்தைச் சுற்றி உயரக் கட்டுப்பாடு உண்டு. பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, 1,248 ஹெக்டேர். அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புது அனுமதி தரக் கூடாது என்று 2025-ல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னபோதுதான், வேளச்சேரி, பெரும்பாக்கம் பக்கம் வீடு புக் செய்தவர்கள் பலர் வரைபடத்தையே முதல் தடவையாக எடுத்துப் பார்த்தார்கள். விதி வாங்கும்போது ஒன்றாகவும் கட்டும்போது வேறாகவும் இருக்கலாம். சதுப்பு, ஏரி, காடு, கடல் இவற்றின் ஓரத்தில் வாங்குகிறவர் அந்த ஆபத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

மலைப்பக்கம் இன்னும் கறார். நீலகிரியில் கட்டிட உயரம் ஏழு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. கோவையில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரக் கிராமங்கள் பலவும் 'ஹாகா' பட்டியலில் இருக்கின்றன. அங்கே மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் ஒப்புதலும் வேண்டும். "ஃபார்ம் ஹவுஸ் போட்டுக்கலாம் மேடம், சில்லுனு காத்து" என்று சொல்கிறவரிடம் கிராமத்தின் பெயரைக் கேட்டு, அந்தப் பட்டியலில் தேடிப் பாருங்கள்.

நம் சர்வே எண்ணை மட்டும் பார்த்தால் போதாது, பக்கத்து எண்ணையும் பாருங்கள். இது என் பிடிவாதம். வருவாய்த் துறையின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' தளத்தில் பட்டாவோடு எஃப்எம்பி என்ற புல வரைபடமும், நிலத்தின் வகையைச் சொல்லும் அ-பதிவேட்டு விவரமும் வந்துவிடுகின்றன. நம் மனையின் நான்கு பக்கத்து எண்களையும் அ-பதிவேட்டில் தட்டிப் பாருங்கள். ஒன்றில் 'வாய்க்கால்' என்றிருக்கும், ஒன்றில் 'வண்டிப்பாதை', இன்னொன்றில் 'ஓடை'. நேரில் போனால் அங்கே வாய்க்காலும் இருக்காது ஓடையும் இருக்காது, சமமாக மண் கொட்டி செம்மண் ரோடு போட்டிருப்பார்கள். ஆவணத்தில் ஓடை என்றால் ஓடைதான். வறண்டு பத்து வருஷமானாலும் நீர்நிலைப் புறம்போக்கு யாருக்கும் சொந்தமாகாது. லேஅவுட்டுக்குள் போகிற ஒரே வழி அந்த வாய்க்காலின் மேல் இருந்தால், நாளைக்கு ஆக்கிரமிப்பு அகற்றும்போது வீடு நிற்கும், வாசலுக்குப் போகத்தான் வழி இருக்காது. மழைத் தண்ணீரும் பழைய தடத்தைத் தேடித்தான் வரும் என்பதை 2015 டிசம்பர் வெள்ளம் சென்னைக்குக் காட்டியது.

அப்படியே தலைக்கு மேலேயும் பாருங்கள். மின்கம்பி போனால் எத்தனை கிலோவோல்ட் என்று கேளுங்கள். 33 கிலோவோல்ட் லைனிலிருந்து கட்டிடம் பக்கவாட்டில் இரண்டு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மின்னழுத்தம் கூடக்கூட இடைவெளியும் கூடும். உயர்கோபுர லைன் குறுக்கே போகும் மனை மலிவாகக் கிடைப்பது அதனால்தான்.

அடுத்து, அந்த மனையில் என்ன கட்டலாம் என்ற கணக்கு. 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதற்கும் பொதுவாக ஒருங்கிணைந்த கட்டிட விதிகள் வந்தன. சாதாரணக் கட்டிடத்துக்குத் தளப்பரப்பு விகிதம் இரண்டு. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி இருந்தால் கணக்குப்படி 4,800 சதுர அடி வரை கட்டலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மனைக்கு முன்னால் இருக்கும் சாலையின் அகலம்தான் முன்புறம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை முடிவு செய்யும். ஒன்பது மீட்டர் வரை சாலை என்றால் ஒன்றரை மீட்டர், அதற்குமேல் பதினெட்டு வரை மூன்று மீட்டர் என்று விதி ஏறிக்கொண்டே போகும். பெரிய ரோட்டு மேல் வாங்குகிறோம் என்று பெருமையாக அதிக விலை கொடுக்கிறவர், கட்டும்போது முன்புறம் அதிகமாக விடவும் வேண்டும். இருபதுக்கு முப்பது அடி மனை வாங்கி, முன்னே விட்டு, பக்கத்தில் விட்டு, கார் நிறுத்த இடமும் ஒதுக்கினால், மீதியில் படிக்கட்டுக்கு இடம் தேட வேண்டியிருக்கும். இந்த விதிகளுக்குத் திருத்தம் அடிக்கடி வருகிறது. ஆகவே பதிவு செய்த ஒரு இன்ஜினீயரிடம் மனை அளவையும் சாலை அகலத்தையும் கொடுத்து, இன்றைய விதிப்படி ஒரு உத்தேசப் படம் போட்டுத் தரச்சொல்லுங்கள். இதை வாங்கியபிறகு செய்வதுதான் ஊர் வழக்கம். வாங்குமுன் செய்தால் செலவு அதேதான்.

சாலை அகலத்தை நோட்டீஸில் பார்க்காதீர்கள். '30 அடி ரோடு' என்று அச்சடித்திருக்கும், டேப் பிடித்தால் இருபத்து மூன்று வரும். அதுவும் உள்ளாட்சிக்குத் தானமாகக் கொடுத்த சாலையா, இல்லை யாரோ ஒருவர் தன் நிலத்தில் விட்ட தனிவழியா என்பது அதைவிட முக்கியம். தானப் பத்திர எண்ணைக் கேளுங்கள். சாலை விரிவாக்கத்துக்கு இடம் குறித்திருக்கிறார்களா, நெடுஞ்சாலைத் துறையோ வீட்டுவசதி வாரியமோ எப்போதோ கையகப்படுத்தல் நோட்டீஸ் கொடுத்திருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். வாரியம் பல பத்தாண்டுகளுக்கு முன் நோட்டீஸ் கொடுத்துவிட்டு எடுக்கவும் இல்லாமல் விடவும் இல்லாமல் வைத்திருக்கும் நிலங்கள் உண்டு. அந்த நோட்டீஸ் ஈசியில் வரும் என்று நம்பி இருந்துவிட முடியாது.

2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை வந்திருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு, தரைத்தளமும் ஒரு மாடியும் வரை என்றால், ஆன்லைனில் நீங்களே உறுதி கொடுத்துப் பணம் கட்டினால் உடனே அனுமதி வந்துவிடும். ஆபீஸ் ஆபீஸாக அலைந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் முன்பு, நாம் கவனிக்காமல் விட்டதை ஃபைலைப் பார்க்கும் அதிகாரியாவது பிடித்துச் சொல்வார். இப்போது சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போடுவது நீங்கள். தப்பாக இருந்தால் அனுமதியும் செல்லாது, பொறுப்பும் உங்கள் தலையில்.

கட்டிய வீடு, ஃபிளாட் வாங்குகிறவர்கள் இதெல்லாம் தங்களுக்கில்லை என்று நினைக்க வேண்டாம். அவர்களுக்கு ஒரே ஒரு வேலை, ஆனால் கடுமையானது: அங்கீகரித்த பிளானைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிடத்தைச் சுற்றி வருவது. பிளானில் நான்கு வீடு, நேரில் ஆறு. பிளானில் ஸ்டில்ட் கார் பார்க்கிங், நேரில் ஒரு தையல் கடையும் வாட்ச்மேன் குடும்பமும். பிளானில் இரண்டு மாடி, மேலே மொட்டைமாடியில் ஒரு அழகான 'பென்ட் ஹவுஸ்', அதுதான் உங்களுக்கு விற்பனைக்கு. "டாப் ஃப்ளோர் என்பதால் ரேட் கம்மி" என்பார்கள். ரேட் குறைந்ததற்குக் காரணம் வெயில் மட்டும் இல்லை. அனுமதியில்லாத தளத்துக்கு சீல் வந்தால் அது உங்கள் வீட்டுக்கதவுக்குத்தான் வரும், பில்டர் அடுத்த ஊரில் அடுத்த பூஜை போட்டுக்கொண்டிருப்பார்.

"வீட்டு வரி கட்டுறாங்களே, கரண்ட் இருக்கே" என்பது இதற்கு வரும் வழக்கமான பதில். வரி போடுகிறவர் கட்டிடம் நிற்கிறதா என்று பார்த்துப் போடுகிறார். அனுமதியோடு நிற்கிறதா என்பது அவர் ரசீதில் வராது. நிறைவுச் சான்றிதழ் கேளுங்கள். சிறிய கட்டிடங்களுக்கு அதில் விலக்கு உண்டு, பெரிய அடுக்குமாடிகளுக்குக் கிடையாது. அனுமதித்த பிளான்படி கட்டியிருக்கிறார்கள் என்று ஓர் அலுவலகம் வந்து பார்த்துச் சொல்வது அந்த ஒரு காகிதத்தில்தான்.

அனுமதிக் காகிதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து 61 உயிர்களைக் கொண்டுபோன பதினோரு மாடிக் கட்டிடத்துக்கும் திட்ட அனுமதி இருந்தது. அனுமதிப் பத்திரம் உயரத்தையும் இடைவெளியையும் சொல்லும். மண்ணின் தாங்குதிறனையும் கம்பியின் கனத்தையும் பார்க்கத் தனி ஆள் வேண்டும்.

வங்கிக் கடன் கிடைத்துவிட்டது, அப்படியென்றால் எல்லாம் சரிதானே என்று கேட்பார்கள். நான் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் என்பதால் சொல்கிறேன். வங்கி பார்ப்பது அதன் பணம் திரும்புமா என்று. உங்கள் சம்பளம் கெட்டியாக இருந்து, கடன் தொகை சொத்து மதிப்பில் பாதிதான் என்றால், மதிப்பீட்டாளர் அறிக்கையில் 'சிறு விதிமீறல்' என்று எழுதியிருப்பதைத் தாண்டிப் போய்விடும். அந்தச் சிறு விதிமீறலோடு குடியிருக்கப்போவது நீங்கள்.

கடைசியாக, நடைமுறை. ஆபீஸில் போய்க் கேட்டால் பதில் சொல்வார்களா? சில இடங்களில் நான் பார்த்த அந்த ஊராட்சி செயலர் மாதிரி எடுத்துக் காட்டுவார்கள். பல இடங்களில் "அடுத்த வாரம் வாங்க"தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சர்வே எண்ணையும் அப்ரூவல் எண்ணையும் எழுதி, அங்கீகரித்த வரைபட நகலும் தானப் பத்திர விவரமும் கேளுங்கள். பதில் தர அவர்களுக்கு முப்பது நாள் இருக்கிறது.

அந்த முப்பது நாளை எங்கிருந்து எடுப்பது? கிரய ஒப்பந்தத்திலிருந்து. டோக்கன் அட்வான்ஸாகச் சிறிய தொகை மட்டும் கொடுங்கள், ஒப்பந்தக் கெடு மூன்று மாதம் போடுங்கள். மனையின் அனுமதி, நிலப் பயன்பாடு, சாலை ஆகியவற்றில் குறை இருப்பதாக உள்ளாட்சியோ திட்டக் குழுமமோ எழுத்தில் சொன்னால் அட்வான்ஸ் முழுவதையும் பதினைந்து நாளில் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு ஷரத்து எழுதச் சொல்லுங்கள். வக்கீல் எழுதித் தருவார், சொன்னால்தான் எழுதுவார். விற்கிறவர் சரியான மனை வைத்திருந்தால் இதில் அவருக்கு இழப்பே இல்லை. "இன்னிக்கு முடிச்சா இந்த ரேட், நாளைக்கு வேற பார்ட்டி வராங்க" என்று அவசரப்படுத்தினால், வருகிற பார்ட்டிக்கே கொடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள்.